புலியை யார் தின்பது?

ஜூன் 3, மாலை. ஒரு வாசகரின் கேள்வி:

"மானைப் புலி தின்கிறது, புலியை எதுவும் தின்பதில்லை. எதிரியே இல்லாத விலங்குதானே பெருக வேண்டும்? ஆனால் ஆயிரம் மான் இருக்கும் காட்டில் இரண்டு புலிதான் இருக்கிறது. மனிதன் சுட்டுக் கொன்றதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது என்பது என் கருத்து. துப்பாக்கி வருவதற்கு முன்பு மானும் புலியும் சரிக்குச் சரியாக இருந்திருக்கும். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதற்கு என்ன குறை?"

ஜூன் 3, இரவு

புலியை எதுவும் தின்பதில்லை என்பது வரை சரி. அதற்குப் பிறகு சொன்னது தவறு. துப்பாக்கி புலிக்குச் செய்த கேடு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியே இல்லாத காலத்திலும் புலி மானுக்குச் சமமாக இருந்திருக்க வழியில்லை.

புல் வெயிலைப் பிடித்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. மான் அந்தப் புல்லைத் தின்கிறது. தின்றதில் ஒரு பகுதி செரிக்காமல் புழுக்கையாகப் போகிறது. செரித்ததிலும் பெரும்பகுதி மூச்சுவிட, ஓட, உடம்புச் சூட்டைக் காக்கச் செலவாகிறது. எல்லாம் போக மிஞ்சுவதுதான் மானின் சதை. புலிக்குக் கிடைப்பது அந்த மிச்சம். புலியின் உடம்பாக மாறுவது அந்த மிச்சத்தின் மிச்சம்.

மேலே போகப் போக எண்ணிக்கை சுருங்குவதைச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் 1927இலேயே பிரமிடு என்று விவரித்துவிட்டார். ஏன் சுருங்குகிறது என்பதை ஆற்றல் கணக்காக எழுதியவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியில் எது எதைத் தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். அந்தக் கட்டுரையைப் பத்திரிகை முதலில் நிராகரித்தது. 1942இல் அது அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முப்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. பள்ளிப் புத்தகத்தில் "ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு" என்று படித்திருப்பீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இன்னொரு கணக்கு: கார்போன், கிட்டில்மன் என்ற இருவர் மிகச் சிறியவை முதல் கரடி வரை பல ஊனுண்ணிகளைத் தொகுத்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். ஓர் இடத்தில் 10,000 கிலோ இரை நடமாடினால், அங்கே தாங்கக்கூடிய ஊனுண்ணியின் எடை சுமார் 90 கிலோ. உச்சியில் இருப்பதன் குறை அதுதான். உச்சி என்பது மிகவும் குறுகலான இடம்.

ஜூன் 4, காலை

ஒரு நண்பர் சரியாகப் பிடித்துவிட்டார். பத்தில் ஒரு பங்கு என்றால் 10,000 கிலோவுக்கு 1,000 கிலோ வர வேண்டுமே, 90 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். நேற்று இரவு அவசரத்தில் இரண்டு கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் பிழை.

பத்தில் ஒரு பங்கு என்பது ஓர் ஆண்டில் பாயும் ஆற்றலின் கணக்கு. அதுவும் தோராயம்தான், இடத்துக்கு இடம் பாதியாகவும் இரட்டிப்பாகவும் மாறும். 90 கிலோ என்பது ஒரு நேரத்தில் காட்டில் நிற்கும் உடல்களின் எடை. முதலும் வட்டியும் போல. காட்டில் நிற்கும் மான் கூட்டம் முதல். ஆண்டுதோறும் பிறந்து வளர்வது வட்டி. முதலைத் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டு பட்டினி. வட்டியிலும் நோய்க்கு ஒரு பங்கு, சிறுத்தைக்கு ஒரு பங்கு, செந்நாய்க்கு ஒரு பங்கு போய்விடும்.

புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் இந்தியக் காடுகளில் எடுத்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு புலி ஆண்டுக்கு ஏறக்குறைய 50 பெரிய இரைகளைக் கொல்கிறது. இருக்கும் இரையில் பத்தில் ஒன்றைத்தான் அதனால் எடுக்க முடிகிறது. ஆக ஒரு புலிக்குச் சுமார் 500 இரை விலங்குகள் வேண்டும். மான் ஒன்று 50 கிலோ என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன்: 25,000 கிலோ. 10,000க்கு 90 என்ற விதிப்படி அதற்கு 225 கிலோ ஊனுண்ணி. நன்கு வளர்ந்த ஓர் ஆண் புலி! பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி கேட்டவர் சொன்ன ஆயிரம் மானுக்கு இரண்டு புலி என்பது குறைவே அல்ல. அதுதான் அளவு.

ஜூன் 6, காலை

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்று ஒருவர் இடையில் எழுதியிருந்தார். தின்னும். புலியின் எச்சத்தில் புல் அடிக்கடி கிடைக்கிறது. வீட்டுப் பூனையும் தின்னும், ஓநாயும் தின்னும். வயிறு சரியில்லாதபோது வாந்தி எடுக்கத்தான் தின்கிறது என்று நெடுங்காலம் நம்பினோம். ஆனால் புல் தின்ற பூனைகளில் பெரும்பாலானவை நலமாகவே இருக்கின்றன, நான்கில் ஒன்றுதான் அடிக்கடி வாந்தி எடுக்கிறது. குடல்புழுக்களை வாரி வெளியேற்ற உதவிய பழங்கால இயல்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பழமொழி மானத்தைப் பற்றியது. அந்த அளவில் அது நிற்கட்டும்.

ஜூன் 6, இரவு

புல் பற்றி எழுதிய பிறகு மனம் வேறு எங்கோ போய்விட்டது. இதை எழுதாமல் தூங்க முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூனைக்குட்டியை எடுத்து வளர்த்தேன். எனக்காக இன்னோர் உயிர் சாகக் கூடாது என்பதில் அப்போது நான் உறுதியாக இருந்தேன். அதே உறுதியைப் பூனையின் தட்டிலும் வைத்தேன். தாவர உணவு மட்டும். பூனை தின்றது, வளர்ந்தது, விளையாடியது. என் கொள்கை வென்றுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மாலை, தினமும் தாவி ஏறும் சன்னல் திட்டைத் தவறவிட்டு விழுந்தது. அடுத்த வாரம் நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டது. வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தது. மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?"

டாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. விலங்குகளின் சதையில் இருக்கிறது, செடியில் ஏறக்குறைய இல்லை. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பு போதுமான அளவு செய்யாது. அது கிடைக்காவிட்டால் விழித்திரை மெல்லச் சிதையும், இதயத் தசை தளர்ந்து விரியும். கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே டாரின் போதாமல் இருந்து, அதனால் பூனைகள் இதய நோயில் இறந்ததை 1987இல்தான் கண்டுபிடித்தார்கள். இதயம் டாரின் கொடுத்தால் தேறக்கூடும். போன கண் திரும்பாது.

டாரின் ஒன்று மட்டுமில்லை. கேரட்டின் மஞ்சள் நிறப் பொருளிலிருந்து நாம் வைட்டமின் ஏ செய்துகொள்கிறோம். பூனையால் முடியாது, செய்து முடித்த வைட்டமினாக ஈரலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இனிப்பை உணரும் நாக்கின் மரபணுகூடப் பூனைக் குடும்பத்தில் உடைந்து கிடக்கிறது. 2005இல் இதை எழுதினார்கள். இனிப்பு என்ற சுவையே புலிக்குத் தெரியாது. பல இலட்சம் ஆண்டுகளாக அதற்குத் தேவைப்படவில்லை, போய்விட்டது.

பசுவின் வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையைப் பூனை மற்ற விலங்குகளின் உடம்பில் முடித்து வாங்கிக்கொள்கிறது. ஊனுண்ணியின் உணவு என்றால் சதை மட்டும் இல்லை. அந்தச் சதைக்காரன் செய்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்ததுதான். அந்தப் பூனை பதினோரு வயது வரை இருந்தது. கடைசி வரை சுவரோரமாகவே நடந்தது.

ஜூன் 7

"என் நாய் தாவர உணவில் நன்றாகத்தானே இருக்கிறது?" நாய் வேறு. நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுவின் படிகள் நாயிடம் ஓநாயைவிடப் பெருகியிருக்கின்றன. நாய்க்குப் பொருந்துவதைப் பூனைக்குப் பொருத்தாதீர்கள். எனக்குப் பொருந்தியதைப் பூனைக்குப் பொருத்தியதுதான் நான் செய்த தவறு.

ஜூன் 9

"ஊனுண்ணி" என்ற பெயரைக் கொண்டு உணவை முடிவு செய்யக் கூடாது என்று இன்னொருவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். பாண்டா கரடி பாலூட்டிகளில் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. ஆனால் அது தின்பது ஏறக்குறைய முழுவதும் மூங்கில். குடல் மட்டும் இன்னும் ஊனுண்ணியின் குட்டைக் குடல். தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால்தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றுகொண்டே இருக்கிறது.

மறுபக்கம் மான். ஸ்காட்லாந்தை ஒட்டிய ரம் தீவில் செம்மான்கள் கடற்பறவைக் குஞ்சுகளின் தலையையும் காலையும் கடித்துத் தின்பதை 1980களில் பதிவு செய்தார்கள். அந்தத் தீவின் மண்ணில் தாது குறைவு. மானுக்குக் கொம்பு முளைக்கக் கால்சியமும் பாஸ்பரஸும் வேண்டும். ஒட்டகச்சிவிங்கி எலும்பைச் சப்புவதும் அந்தத் தாதுக்களுக்காகத்தான்.

சிலந்திகள் எல்லாமே கொன்று தின்பவை என்று நினைத்திருந்தேன். மத்திய அமெரிக்காவில் வேல மரத்தின் இலை நுனிகளையே பெரும்பாலும் தின்று வாழும் ஒரு குதிக்கும் சிலந்தி இருக்கிறது. உலகத்தின் மற்ற சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் வரை பூச்சிகளைத் தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. உலகின் பெரிய வேட்டைக்காரன் யார் என்று கேட்டால் சிங்கத்தைக் காட்டாதீர்கள், மூலையில் இருக்கும் வலையைக் காட்டுங்கள்.

ஜூன் 10

"புலி ஏன் எலியைத் தின்று பெருகக் கூடாது? எலிக்குப் பஞ்சமில்லையே" என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான் பதில். ஓர் எலியைப் பிடிக்கச் செலவாகும் ஆற்றலும் எலி தரும் ஆற்றலும் சிறிய விலங்குக்குக் கட்டும். பெரிய விலங்குக்குக் கட்டாது. நிலத்து ஊனுண்ணிகளில் இந்தக் கோடு ஏறக்குறைய 20 கிலோ எடையில் விழுகிறது. அதற்குக் கீழே உள்ள நரி, காட்டுப்பூனை, கீரி எல்லாம் தங்களைவிட மிகச் சிறியவற்றைத் தின்று காலம் தள்ள முடியும். அதற்கு மேலே போனால் தன் அளவுக்குப் பக்கத்தில் உள்ள விலங்கைத்தான் வீழ்த்த வேண்டும். புலி பெரியதைப் பிடிப்பது வீரத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

ஜூன் 10, சற்றுப் பின்

நிலத்து ஊனுண்ணி என்று மேலே எழுதியதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். கடலில் இந்தக் கோடு செல்லாது. நீலத் திமிங்கலம் உலகிலேயே பெரிய விலங்கு, ஊனுண்ணியும்கூட. அது தின்பது விரல் நீளமே உள்ள கிரில், நாள் ஒன்றுக்குப் பல டன். கிரில் ஒன்றொன்றாகத் துரத்த வேண்டிய இரை இல்லை. திரளாகக் கிடைக்கிறது, வாயைத் திறந்து நீரோடு அள்ளிச் சல்லடை போலச் சலித்துக்கொள்கிறது. அதன் சங்கிலியும் மிகக் குட்டை: நுண்பாசி, கிரில், திமிங்கலம். இடையில் ஆற்றல் வீணாகும் படிகள் குறைவு. அவ்வளவு பெரிய உடம்பை அதனால்தான் தாங்க முடிகிறது.

ஜூன் 13

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று அம்புக்குறி போட்டுப் படித்தோம் அல்லவா? அந்த அம்புக்குறியில் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது ஒரு கண்ணாடித் தொட்டியில். பள்ளிப் பருவத்தில் தேங்கிய நீரிலிருந்து தலைப்பிரட்டைகளை அள்ளி வந்து தொட்டியில் விட்டேன். கூடவே, அடையாளம் தெரியாத ஒரு பழுப்புப் பூச்சியும் வந்துவிட்டது. காலையில் பார்த்தால் தலைப்பிரட்டைகள் பாதிக்குமேல் இல்லை. அன்று மாலை கண்ணெதிரே நடந்தது: பூச்சியின் கீழுதடு மடிந்த கை போல நீண்டு ஒரு தலைப்பிரட்டையைப் பிடித்து இழுத்தது. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அது தட்டானின் இளம்பருவம்.

அதே தட்டான் சிறகு முளைத்து வெளியே வந்தால், தப்பிப் பிழைத்த தலைப்பிரட்டை தவளையாகித் தட்டானைப் பிடித்துத் தின்னும். இப்போது அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது? அதிலும் தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசி தின்னும்; அதுவே தவளையானபின் முழு ஊனுண்ணி. ஓர் உயிரே தன் வாழ்நாளில் படி மாறுகிறது. சங்கிலி என்ற சொல்லை நானும் வசதிக்காகவே பயன்படுத்துகிறேன். வலை என்பதே பொருந்தும்.

ஜூன் 14

தட்டான் பற்றி ஒரு சேர்க்கை. வளர்ந்த தட்டான் பறந்து குறிவைத்த பூச்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிடித்துவிடுகிறது. சிங்கம் நான்கு முறை பாய்ந்தால் ஏறக்குறைய ஒரு முறைதான் வெல்கிறது. புலிக்கு இன்னும் மோசம். நாம் காணொளியில் பார்ப்பது வென்ற பாய்ச்சலை மட்டும். பல நாள் வெறும் வயிற்றோடு திரும்பிப் படுப்பதை யார் காட்டுகிறார்கள்?

ஜூன் 18

கழுதைப்புலியைத் திருடன் என்றும் எச்சில் பொறுக்கி என்றும் எழுதியவருக்கு: தயவுசெய்து அந்தச் சொற்களைத் திரும்பப் பெறுங்கள். 1960களில் ஹான்ஸ் க்ரூக் ஆப்பிரிக்காவின் இங்கோரோங்கோரோ பள்ளத்தில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தார். புள்ளிக் கழுதைப்புலிகள் தாங்களே கூட்டமாக ஓடி வரிக்குதிரையையும் காட்டு மாட்டையும் கொன்றன. சத்தம் கேட்டு வந்து அந்த இரையைப் பறித்தவை சிங்கங்கள். விடிந்தபின் வந்த மனிதர்கள் கண்டது சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி சுற்றி நிற்பதையும். பழி எங்கே விழுந்தது பாருங்கள்.

பிணத்தைத் தின்பது இழிவு என்ற எண்ணமே எனக்குப் புரியவில்லை. தெற்காசியாவில் 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடம்பில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. பிணங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின. அந்தக் கழுகுகள் வானில் வட்டமிட்டதைச் சிறுவயதில் பார்த்த தலைமுறை நான். எனக்குப் பின் வந்தவர்களிடம் சொன்னால் நம்புவதற்கு யோசிக்கிறார்கள்.

ஜூன் 21

"சரி, உச்சியில் இருப்பவை குறைவு. அவ்வளவு குறைவானவை போனால்தான் என்ன?" கேள்வி கடுமையாக இருந்தாலும் நியாயமானது. இதற்குப் பதிலை ஊகிக்காமல் செய்தே பார்த்தவர் ராபர்ட் பெயின். 1963 முதல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பாறைப் பகுதியில் நட்சத்திர மீன்களையெல்லாம் பிடுங்கிக் கடலுக்குள் வீசினார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டுவைத்தார். நட்சத்திர மீன் இருந்த பாறையில் எதுவும் மாறவில்லை. இல்லாத பாறையில் மட்டிகள் பரவி இடத்தையெல்லாம் அடைத்தன. 15 வகை உயிர்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. நட்சத்திர மீன் மட்டியைத் தின்றதால்தான் மற்றவற்றுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது.

கடல்நீர்நாய் இன்னொரு சான்று. அது கடல் முள்ளெலியை (எலி அல்ல, முள் பந்து போன்ற ஒரு கடல் உயிர்) தின்னும். முள்ளெலி பெரும்பாசிக் காட்டைத் தின்னும். மென்மயிர் வணிகத்துக்காக நீர்நாய்களைக் கொன்று தீர்த்த இடங்களில் முள்ளெலிகள் பெருகிப் பாசிக் காடே மொட்டையானது. நீர்நாய் தப்பிய, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளில் காடு நின்றது. 1990களில் அங்கேயே கொலைகாரத் திமிங்கலங்கள் நீர்நாய்களைத் தின்னத் தொடங்கின. முள்ளெலி மறுபடி பெருகியது, காடு மறுபடி அழிந்தது. மேலே ஒரு படி கூடியதும் கீழே எல்லாம் தலைகீழ்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1995, 1996 ஆண்டுகளில் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும் எல்க் மான்கள் குறைந்து, ஓடைக்கரை மரங்கள் துளிர்த்து, ஆறுகள்கூடத் திசை மாறின. இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஜூன் 22

நேற்று எழுதிய கடைசிப் பத்தியை இன்று என்னால் தாங்கிப் பேச முடியவில்லை. அழித்துவிடலாம் என்று பார்த்தேன், அழிக்காமல் திருத்துகிறேன்.

ஓநாய்கள் வந்தது உண்மை, எண்ணிக்கை உண்மை, எல்க் குறைந்ததும் உண்மை. ஆனால் எல்க் குறைந்ததில் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் மனிதனின் வேட்டைக்கும் பங்கு உண்டு. ஓநாய் இல்லாத எழுபது ஆண்டுகளில் ஓடைக்கரை வில்லோ மரங்கள் தின்னப்பட்டு, அவற்றை நம்பிய பீவர் என்ற நீரெலிகள் போய், அவை கட்டிய அணைகள் போய், ஓடை மண்ணை அரித்து ஆழத்தில் இறங்கிவிட்டது. 2001இல் தொடங்கி 20 ஆண்டுக்குமேல் நடந்த சோதனையில், வேலி போட்டு எல்க்கைத் தடுத்த இடத்தில்கூட, சிறு அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினால்தான் வில்லோ நன்றாக வளர்ந்தது. ஓநாய் திரும்பினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்பது அழகான கதை. நானும் அந்த அழகில் விழுந்தேன்.

இது ஓநாய்க்கு எதிரான வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுபது ஆண்டு இல்லாமல் செய்ததற்கான விலை, திருப்பிக் கொண்டுவந்த பிறகும் தீரவில்லை.

ஜூன் 25

உச்சியின் குறைகளில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆற்றல் படிப்படியாகக் குறையும். நஞ்சு படிப்படியாகக் கூடும். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லி கொழுப்பில் தங்கும், எளிதில் வெளியேறாது. பூச்சியில் இம்மி, பூச்சி தின்னும் சிறு பறவையில் கொஞ்சம், அந்தப் பறவைகளைத் தின்னும் வல்லூறில் கேடு விளைவிக்கும் அளவு. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளோடு ஒப்பிட்டு 1967இல் இதைக் காட்டினார். வயலில் மருந்தடித்தவருக்கும் வல்லூறுக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜூன் 28

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கணக்கை ஏற்றுக்கொண்டாராம். ஆனால் அவருடைய மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் புலியை யார்தான் தின்பது?" என்று விடாமல் கேட்கிறாளாம்.

குழந்தை கேட்டதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். புலியை எதுவும் தின்பதில்லை என்பது வரை சரி என்று ஜூன் 3 அன்று எழுதினேன். அது சரியில்லை.

உயிரோடு இருக்கும்போதே புலியைத் தின்கிறார்கள். காதோரத்தில் உண்ணி, குடலில் நாடாப்புழு, புண் இருந்தால் ஈயின் புழு. தாய் வெளியே போன நேரத்தில் குட்டியை வேறொரு ஆண் புலி கொல்கிறது, சில நேரம் தின்றும் விடுகிறது. செத்துக் கிடந்தால் காட்டுப்பன்றி வரும். நூற்றுக்கணக்கில் எறும்பும் வண்டும் வரும். எலும்பை முள்ளம்பன்றி கொறிக்கும். மிஞ்சியதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணாக்கும். அந்த மண்ணில் புல் முளைக்கும், அந்தப் புல்லை மான் மேயும்.

மகளிடம் உண்ணியிலிருந்து தொடங்குங்கள். புலி படுத்துக்கொண்டு பின்காலால் காதைச் சொறிவதைப் பார்த்திருப்பாள் என்றால், அதைத் தின்பவரை விரட்டத்தான் அது சொறிகிறது என்று சொல்லுங்கள்.